விலைகள் உதவி: வே. ராக்கியண்ணன்

மேல்திசை நாளிதழின் 1955ஆம் ஆண்டுத் தொகுப்பு பேசத் தொடங்கிய செவ்வாய்க்கிழமை, தக்களிப்பாளையத்தில் பதினோரு நாளைக்குப் பிறகு குடிதண்ணீர் திறந்துவிட்ட நாளும் ஆகையால், ஊரில் பாதிப் பேருக்கு விஷயம் மறுநாள்தான் தெரிய வந்தது. தெரிந்த பிறகும், தண்ணீர் வந்ததுதான் அந்த வாரத்தின் அதிசயம் என்று சொன்னவர்களே அதிகம்.

தொகுப்பைத் திறந்தவள் தெய்வானை. நாற்பத்தோரு வயது, நான்கு விசைத்தறி ஓட்டும் சென்னியப்பனின் மனைவி, கலாமணி என்ற ஒரே மகளுக்குத் தாய். கலாமணிக்குத் தை இருபத்தி நாலாம் தேதி கல்யாணம் முடிவாகி, அழைப்பிதழ் அச்சுக்குப் போயிருந்தது. அச்சகத்துக்காரர் தாய்மாமன் பெயருக்கு விட்டிருந்த இடத்தைக் காட்டி, "இங்க யாரு பேரு போடறதுங்க?" என்று கேட்டபோது அவளுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் முகூர்த்தத்துக்கு முன்னால் மணப்பெண்ணின் நெற்றியில் தாய்மாமன் பட்டம் கட்ட வேண்டும். தாய்க்குக் கூடப் பிறந்தவன் இல்லையென்றால் அவள் அப்பா வழிப் பங்காளி ஒருவர் வந்து நின்று கட்டுவார். தெய்வானைக்குக் கூடப் பிறந்தவனும் இல்லை, பங்காளி என்று காட்ட ஒருவரும் இல்லை.

"எதுத்த ஊட்டு அண்ணனை நிறுத்திக் கட்டிரலாம், விடு" என்றார் சென்னியப்பன்.

"எரவல் மாமனா? எரவல் வாங்கறதுக்கு அது என்ன அண்டாவா?" என்று தெய்வானை கேட்டாள். அவர் தறி ஓட்டப் போய்விட்டார்.

அவளுடைய அப்பா வே. ராக்கியண்ணன் பங்குத் தரகர். கோயமுத்தூரில் ஓர் ஓட்டல் மாடியில் அறை எடுத்துத் தங்கி, பஞ்சாலைப் பங்குகளை வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் நடுவில் நின்று பேசி முடித்துக் கொடுப்பவர். சனிக்கிழமை சாயங்காலம் தக்களிப்பாளையம் வருவார், திங்கள் காலை முதல் பஸ்ஸில் போய்விடுவார். தெய்வானைக்கு மூன்று வயதில் அம்மா இறந்து, அவள் பெரியம்மா வீட்டில் வளர்ந்தாள். அவளுக்குப் பதினைந்து வயதானபோது ஒரு புதன்கிழமை அப்பாவும் கோயமுத்தூரிலேயே நெஞ்சுவலியில் இறந்து, வாடகைக் காரில் ஊர் வந்து சேர்ந்தார். அவர் எந்த ஊர்க்காரர், அண்ணன் தம்பி உண்டா என்று கேட்டுவைக்க யாருக்கும் தோன்றவில்லை.

ஆகவே தெய்வானை ஆவணங்களிடம் போனாள். நகராட்சி இறப்புப் பதிவேட்டில், ராக்கியண்ணன், ஆண், 47, தகப்பன் பெயர் வேலுச்சாமி, தொழில் தரகர் என்றும், சொந்த ஊர் என்ற கட்டத்தில் ஒரு சிறு கோடும் இருந்தது. பழைய வாக்காளர் பட்டியல் ஓட்டல் மாடிக்கு மேல் எதுவும் சொல்லவில்லை. கோயமுத்தூரில் உயிரோடிருந்த ஒரே பழைய தரகர், காது கேட்காதவர், அவள் எழுதிக் காட்டியதைப் படித்துவிட்டுச் சொன்னார்: "மேல்திசைப் பேப்பர்ல பங்கு விலைக்குக் கீழ தெனமும் உங்கப்பா பேருதானே வரும் அம்மிணி. அதைப் போய்ப் பாரு."

தக்களிப்பாளையம் கிளை நூலகத்தில் மேல்திசையின் பழைய தொகுப்புகள் சிவப்புக் காலிகோ அட்டையில் ஒரு சுவர் முழுக்க இருந்தன. நூலகர் இன்பவல்லி எடுத்துக் கொடுத்த முதல் தொகுப்பில், மூன்றாம் பக்கத்தின் கீழ்மூலையில், 'விலைகள் உதவி: வே. ராக்கியண்ணன், பங்குத் தரகர்' என்ற வரியின் மேல் தெய்வானை விரலை வைத்தாள். பக்கம் தொண்டையைச் செருமிக்கொண்டது.

"கனகு, எழுதிக்கோ" என்றது. "அன்னலட்சுமி நூத்திப் பன்னெண்டே கால். கமலவேணி தொண்ணூத்தி நாலு. நாகவேணி எம்பது, மாத்தமில்லை. சிவசங்கரி எழுபத்தி ஆறரை, கேட்டவங்க உண்டு, குடுத்தவங்க இல்லை. வைரவேல் நூத்தி ஒண்ணு. என்னம்மா, மூணு நிமிஷம் ஆச்சா? கனகு, அந்த மழை சமாச்சாரம் சொன்னேனே, நேத்து எங்க ரூமுக்குள்ளயே—" அதோடு நின்றுவிட்டது.

பதினைந்து வயதுக்குப் பிறகு கேட்காத குரல். தெய்வானை நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்து மேசையில் அன்றைய பேப்பரைப் படித்துக்கொண்டிருந்த எழுபத்தொரு வயதுக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அது என்னையத்தான் கூப்பிடுது" என்றார். மேல்திசையின் பங்கு விலைப் பத்தியை முப்பத்திரண்டு வருஷம் எழுதிய கனகசபாபதி அவர்.

என்ன நடக்கிறது என்பதை அவர்தான் விளக்கினார். ஏன் நடக்கிறது என்பதை அன்றும் பின்பும் யாரும் கேட்கவில்லை. தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு ராக்கியண்ணன் கோயமுத்தூரிலிருந்து இந்த ஊரில் இருந்த மேல்திசை ஆபீசுக்கு டிரங்க் கால் போட்டு விலை சொல்லுவார். ஒரு காலுக்கு மூன்று நிமிஷம். அச்சில் வந்தது எண்கள் மட்டும். பேசியது எல்லாம் பக்கத்திலேயே இருந்திருக்கிறது போல.

"அப்ப எங்கப்பா பேசுனது உங்களுக்கு ஞாபகம் இருக்கோணுமே. ஊரு, ஒறவு, ஏதாவது?" என்றாள் தெய்வானை.

"இல்லீங்க அம்மிணி. எண்ணு மட்டுந்தான் கேப்பேன். வைரவேல்தான் கடைசி. அது வந்ததும் வெச்சிருவேன்." அதைப் பெருமையாகத்தான் சொன்னார். அவர் ஓய்வு பெற்றபோது, முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு எண்கூடத் தப்பாகப் போடாதவர் என்று எழுதிய வெள்ளிக் கேடயம் கொடுத்திருந்தார்கள்.

1952 முதல் 1969 வரை பதினேழு வருஷம், வருஷத்துக்கு முந்நூறு இதழ், இதழுக்கு மூன்று நிமிஷம்: மொத்தம் இருநூற்று ஐம்பத்தைந்து மணி நேரம் என்று கனகசபாபதி செய்தித்தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டார். பக்கத்தைத் திறந்தால் கால் முடியும்வரை கேட்டாக வேண்டும். பாதியில் மூடினால் அடுத்த முறை முதலிலிருந்து ஆரம்பித்தது. கல்யாணத்துக்கு இரண்டு மாதம் சொச்சம் இருந்தது. எங்காவது ஒரு நாள், இரண்டு மில்களுக்கு நடுவில், தன் ஊர் பெயரை, ஒரு அண்ணன் தம்பி பெயரை அப்பா சொல்லியிருப்பார் என்று தெய்வானை நம்பினாள். தினமும் காலை எட்டு மணிக்கு வந்து உட்கார்ந்தாள்.

வாசிப்பறையில் அமைதி காக்க வேண்டும் என்பது விதி. இன்பவல்லி மாவட்ட நூலக அலுவலருக்கு எழுதிக் கேட்டார். 'வாசகர்கள் பேசுவதற்கே தடை உள்ளது. நூல்களும் இதழ்களும் பேசுவது குறித்து விதிகளில் ஏதும் கூறப்படவில்லை' என்று பதினாறாம் நாள் பதில் வந்தது. அதைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு வாசலில் மாட்டினார்கள்.

அதற்குள் ஊர் தன் வசதிக்கு ஏற்ப விஷயத்தை எடுத்துக்கொண்டிருந்தது. முதலில் வந்தவர்கள் மூடிய மில்களின் பழைய தொழிலாளிகள். அன்னலட்சுமி மூடிப் பதினெட்டு வருஷம், நாகவேணி இருந்த இடத்தில் கல்யாண மண்டபம், கமலவேணியின் புகைபோக்கியில் கிளிகள்; ஆனால் வாசிப்பறையில் மூன்று மில்லும் ஓடின, ஏறின, இறங்கின, மறுபடி ஏறின, அன்னலட்சுமி நூற்றிருபதைத் தொட்ட 1956 ஐப்பசி நாளில் முன்னாள் ஸ்பின்னிங் மேஸ்திரி ஒருவர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார், மறுநாள் இரண்டு ரூபாய் இறங்கியதும் டம்ளரைத் திருப்பிக் கேட்டார். பிறகு தறி நிறுத்தும் நேரங்களில் தறிக்காரர்கள் வந்தார்கள், காய்கறிக்காரிகள் கூடையோடு வந்தார்கள், ரேஷன் கடையில் சர்க்கரை வராத நாள்களில் வரிசை அப்படியே நூலகத்துக்கு இடம் மாறியது, வேர்க்கடலைக்காரர் வாசலில் நிரந்தரமாக நின்றார். நாற்பது வருஷத்துக்கு முந்தைய விலை நாளைக்கு ஏறுமா இறங்குமா என்று சண்டை போட்டார்கள். அடுத்த பக்கத்தைப் புரட்டினால் தெரிந்துவிடும், ஆனாலும் புரட்டாமல் சண்டை போட்டார்கள். தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவியபடி கேட்ட பெண்கள், ராக்கியண்ணனை முதலில் 'தரகர்' என்றும், மூன்றாம் வாரத்தில் 'நம்ம தரகர்' என்றும், பிறகு 'அண்ணன்' என்றும் சொன்னார்கள்.

1957இல் ஒரு வாரம் பக்கங்கள் விலையை மட்டும் சொல்லிவிட்டு நின்றுகொண்டன. அது தெய்வானையின் அம்மா இறந்த வாரம். அந்த வாரப் பக்கங்களைத் திறக்கும்போது கீரை உருவுகிறவர்கள் கையை நிறுத்தினார்கள்.

1959 மார்ச்சில் குரல் சற்று நிமிர்ந்தது. "யாருங்க லைன்ல, புதுசா? பழைய அம்மா மாத்தலாகிட்டாங்களா? செரிங்க, மேல்திசை ஆபீஸ் குடுங்க." ஜூனில்: "உங்க பேரென்னன்னு கேக்கலாங்களா? ரூல் இல்லைன்னா வேண்டாமுங்க." ஆகஸ்டில்: "ரோஸ்லின். நல்ல பேருங்க. கனகு, எழுதிக்கோ, அன்னலட்சுமி நூத்திப் பத்து."

"சொல்லிட்டாளே, பேரைச் சொல்லிட்டாளே" என்றாள் காய்கறிக்கார அங்காத்தாள்.

"சும்மா இருடி. வாசகர் பேசக் கூடாது" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

டிரங்க் கால் இணைப்புக் கொடுக்கும் பெண்ணின் பதில் எதுவும் பக்கத்தில் இல்லை. அவர் குரல் மட்டும். ஆகவே அவள் பதில்களை ஊர் தன் பங்குக்குச் சொல்லிப் பார்த்தது. "மூணு நிமிஷம் ஆச்சுன்னு நீ சொல்லோணும்னு எனக்குத் தெரியும். இன்னைக்குச் சொல்லாட்டி நல்லாருக்கும்" என்று 1960 பொங்கலுக்கு மறுநாள் அவர் சொன்னபோது, அவள் என்ன சொல்லியிருப்பாள் என்பதில் வாசிப்பறை இரண்டு கட்சியாகப் பிரிந்தது. 1961 தொடக்கத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று. "கமலவேணி எம்பத்தி மூணு. வரும்போது தேங்காயெண்ணெய் வாங்கோணுமா ரோஸ்லின்? அரை லிட்டரா? கனகு, அது நீ எழுத வேண்டாம்."

தேங்காயெண்ணெய் வாங்கிக் கொடுக்கிறவர் வெறும் சிநேகிதர் இல்லை என்று முருங்கைக்கீரை உருவிய பெண்கள் தீர்ப்புச் சொன்னார்கள். எல்லோரும் சிரித்தார்கள், பிறகு தெய்வானை இருப்பது நினைவு வந்து நிறுத்தினார்கள்.

அவள் தொகுப்பை மூடிவிட்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் எட்டு மணிக்கு வழக்கம்போல் வந்தாள். "எங்கப்பா ஓட்டல் மாடியில தனியாச் சாப்ட்டு, தனியாத் தூங்கி, தனியாச் செத்தாருன்னு இருவத்தாறு வருஷமா நெனச்சிட்டிருந்தேன்" என்று இன்பவல்லியிடம் சொன்னாள். "அப்படி இல்லீங்களாம்." 1961இன் அடுத்த பக்கத்தைத் திறந்தாள்.

1962 ஜூலை 13, வெள்ளிக்கிழமை இதழைத் திறந்தபோது வாசிப்பறையில் எழுபது பேர் இருந்தார்கள் என்பது வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. குரல் ஓடிவந்ததுபோல் மூச்சு வாங்கியது.

"கனகு, எழுதிக்கோ. அன்னலட்சுமி நூத்தி இருபத்தி ரெண்டு. கமலவேணி தொண்ணூறு. நாகவேணி தொண்ணூத்தி ஏழரை. சிவசங்கரி எம்பத்தொம்போது. வைரவேல் அப்பறம் சொல்றேன். அதைச் சொன்னா நீ வெச்சிருவே. மொதல்ல நான் சொல்றதக் கேளு. எனக்குப் பையன் பொறந்திருக்கான். ரோஸ்லினும் பையனும் சொகம். எம் மக இருக்கற வீடு உன் ஆபீசுக்கு அடுத்த வீதிதானே, போற வழியில அவகிட்ட மட்டும், பெரியம்மாவுக்குத் தெரியாம, உனக்கொரு தம்பி பொறந்திருக்கான்னு சொல்லிரு. நேர்ல சொல்ல எனக்கு தைரியம் பத்தல. அவளுக்குப் புடிச்சிருந்தா, சனிக்கெழமை நான் வரும்போது, தம்பி பேரு என்னன்னு என்கிட்டக் கேக்கச் சொல்லு. புடிக்கலைன்னா கேக்க வேண்டாம், நானும் பேச மாட்டேன். அவ்வளவுதான். வைரவேல் நூத்திப் பதினெட்டு, நாலு ரூவா ஏத்தம். கனகு? கேட்டியா கனகு? செரி."

இன்பவல்லி குனிந்து அச்சில் இருந்ததைப் பார்த்தார். பிறகு சத்தமாகப் படித்தார். "வைரவேல் நூற்றுப் பதினான்கு, மாற்றமில்லை."

எழுபது பேரும் கனகசபாபதியைப் பார்த்தார்கள். அவர் அந்த வரியைக் கண்ணாடியோடு ஒரு முறையும் கண்ணாடி இல்லாமல் ஒரு முறையும் பார்த்தார்.

"எழுத்துக் கோத்த பக்கத்த இறுக்கிப் பூட்டறதுக்கு அச்சுக்கூடத்துல ஆள் நின்னுட்டிருந்தாங்க" என்றார். "வைரவேல் அப்பறம்னு சொன்னாரு. அது ஒரு வாரமா அசையாத பங்கு. மாத்தமில்லைன்னு நானே எழுதிட்டு, ரிசீவரை மேசை மேல படுக்க வெச்சுட்டு உள்ள போயிட்டேன். திரும்பி வந்து எடுத்தேன், லைன்ல ஆளில்லை. வெச்சுட்டேன்." கண்ணாடியை மடித்துக்கொண்டே, "எனக்கு எதுவுமே காதுல விழுகல அம்மிணி" என்றார்.

தெய்வானை அவரைப் பார்க்கவில்லை. பக்கத்தின் மேல் குனிந்து, எட்டு வயதுப் பெண்ணைப்போல் மெதுவாக, "தம்பி பேரு என்னங்கப்பா?" என்று கேட்டாள். பக்கம் ஒன்றும் சொல்லவில்லை. அது அவர் பேசிய பக்கம், அவ்வளவுதான்.

பதினேழாம் தேதிப் பக்கத்தில் அவர் மறுபடி பேசினார், கனகுவிடம் அல்ல, லீவிலிருந்த ரோஸ்லினுக்குப் பதிலாக லைனில் இருந்தவளிடம். "கேக்கலீங்கம்மா. ரோஸ்லின்கிட்ட என்னன்னு சொல்லுவேன்? இட்லி சாப்ட்டா, கட்டில்ல ஏறிக் குதிச்சா, என் பாக்கெட்ல இருந்து பேனாவ எடுத்துட்டா. பேரு மட்டும் கேக்கல. விடுங்க, சின்னப் புள்ள. எப்பவாவது கேப்பா. கனகு, எழுதிக்கோ."

வாசிப்பறை வாசலில் அன்று வேர்க்கடலை விற்கவில்லை.

பிறகு ஊர் வேலையில் இறங்கியது. பங்காளியைத் தேடியவளுக்குத் தம்பியே இருக்கிறான் என்றான பிறகு, தேடுவது ஊர் வேலை ஆகிவிட்டது. தொகுப்புகளைப் பிரித்துக்கொண்டார்கள்: 1963 முடிதிருத்தகத்துக்கு, 1964 கூட்டுறவுச் சங்கத்துக்கு, 1965ம் 66ம் பெண்கள் பள்ளிக்கு, மீதி நாகவேணி மண்டபத்துக்கு. இன்பவல்லி ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து வாங்கினார். நாலு நாளில் ஊர் முழுக்க ராக்கியண்ணன் குரல், ஒரு வீதியில் கமலவேணி ஏறியது, அடுத்த வீதியில் இறங்கியது. அழைப்பிதழில் மாமன் பெயர் இல்லாததைப் பற்றி வருத்தப்பட வேண்டிய மாப்பிள்ளையின் அப்பா, கூட்டுறவுச் சங்கத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். "பேரு கெடைக்கட்டுமுங்க, அவசரமில்லை" என்றார். பையன் பெயர் எந்தப் பக்கத்திலும் கிடைக்கவில்லை; மகள் கேட்காத பெயரை அந்த மனிதர் வேறு யாரிடமும் டெலிபோனில் சொல்லவில்லை. ஆனால் ஒன்பது வெவ்வேறு நாள்களில், "நாலே முக்கால் போத்தனூர் வண்டிய விட்டுட்டா வீட்டுக்குப் போக இருட்டிரும்" என்று அவசரப்பட்டிருந்தார்.

தை பத்தாம் தேதி தெய்வானை போத்தனூருக்குக் கிளம்பினாள். கனகசபாபதி கேட்காமலேயே கூட வந்தார். ஒரு டெலிபோன் ஆபரேட்டர் அம்மாவின் பெயரை வைத்துக்கொண்டு வீடு வீடாக விசாரிப்பது என்பது திட்டம். நடைமேடையில் இறங்கி நாலு அடி வைத்ததும் மேலே ஒலிபெருக்கி தொண்டையைச் செருமிக்கொண்டது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மதுக்கரை, வாளையாறு, கஞ்சிக்கோடு, பாலக்காடு வழியாகச் செல்லும் வண்டி, நாற்பது நிமிடம் தாமதமாக, மூன்றாவது நடைமேடைக்கு..."

அதே குரல். தெய்வானை நின்றுவிட்டாள். அவள் பக்கத்தில் கனகசபாபதி பையிலிருந்து பேனாவை எடுத்து, உள்ளங்கையில் 'நாற்பது' என்று எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்த பிறகுதான் தான் என்ன செய்கிறோம் என்பது அவருக்கே தெரிந்தது.

அறிவிப்பாளர் அறை படிக்கட்டுக்குக் கீழே இருந்தது. மைக்குக்கு முன்னால் முப்பத்து மூன்று வயது ஆள், முன்வழுக்கை, சட்டைப் பாக்கெட்டில் இரண்டு பேனா. கதவருகே நின்ற பெண்ணைப் பார்த்து, "விசாரணை அந்தப் பக்கமுங்க" என்றார்.

"உங்க பேரு என்னன்னு கேக்கத்தான் வந்தேன்" என்றாள் தெய்வானை.

அவர் எழுந்து நின்றார். "ஜோசப் வேலுச்சாமிங்க" என்றார்.

"எங்க தாத்தா பேரு." 

"எனக்கும் அவரு தாத்தாதானுங்க." குரல் இறங்கியிருந்தது. "அம்மா சொல்லுவாங்க, உனக்கொரு அக்கா இருக்கா, ஆனா பேரு கேக்கலைன்னு. எம் பேரு நல்லா இல்லை போலன்னு சின்ன வயசுல நெனச்சுக்குவேன். அப்பா செத்தப்ப அம்மாவும் நானும் வந்தோமுங்க, உங்க வீதி முனை வரைக்கும். கூட்டத்தோட நின்னுட்டுத் திரும்பிட்டோம். கேக்காத வீட்டுக்குள்ள எப்படிங்க வர்றது?"

"சேதி எனக்கு வரவேயில்லை தம்பி. வந்திருந்தா பஸ் ஸ்டாண்டுலயே கேட்டிருப்பேன்."

"பேருல குத்தமில்லீங்க, அக்கா மேலயும் குத்தமில்லீங்க" என்றார் பின்னால் நின்ற கனகசபாபதி. "சேதியை நான் கேக்கலீங்க. வைரவேல் நூத்திப் பதினெட்டு. நான் மாத்தமில்லைன்னு போட்டுட்டேன்."

ஜோசப்புக்கு அது விளங்கவில்லை. விளக்க இருபது நிமிஷம் ஆயிற்று. அதற்குள் ஒரு வண்டி அறிவிப்பில்லாமல் வந்து, தானாகவே போயிற்று. கேட்டு முடித்ததும், "முப்பத்து மூணு வருஷம் லேட்டுங்களா?" என்றார் ஜோசப். "பரவால்லீங்க. லேட்டா வர்றதைச் சொல்றதுக்குத்தான் எனக்குச் சம்பளமே." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு, மைக் அணைந்திருக்கிறதா என்று இரண்டு முறை சரி பார்த்தார்.

பட்டம் கட்ட வருவதைப் பற்றிக் கேட்டபோது மட்டும் தயங்கினார். தெய்வானைக்கு அன்று முழுக்க இல்லாத பயம் அப்போது வந்தது. "அம்மாவைக் கேக்கோணுமுங்க" என்றார்.

ரோஸ்லினுக்கு அறுபத்தி நாலு வயது. காதில் வெள்ளைக்கல் கம்மல், பேச்சில் எதிரே இருப்பவரை லைனில் காத்திருக்கச் சொல்லும் தோரணை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "முதல்ல அவரைக் கேக்கோணும். அப்பறம் சொல்றேன்" என்றார்.

மறுநாள் தக்களிப்பாளையத்து வாசிப்பறையில் அவருக்கு நாற்காலி போட்டு, 1960ஆம் ஆண்டுத் தொகுப்பை முன்னால் வைத்தார்கள். ஜன்னல் கம்பி வரை ஆள். பொங்கலுக்கு மறுநாள் பக்கத்தை அவரே திறந்தார்.

"மூணு நிமிஷம் ஆச்சுன்னு நீ சொல்லோணும்னு எனக்குத் தெரியும்" என்றது பக்கம். "இன்னைக்குச் சொல்லாட்டி நல்லாருக்கும்."

"எனக்கு மெமோ குடுப்பாங்க சார்" என்றார் ரோஸ்லின் பக்கத்தைப் பார்த்து, அன்று லைனில் சொன்னதையே.

"குடுத்தா நான் வந்து பேசறேன்."

"நீங்க வந்தா ரெண்டு மெமோ குடுப்பாங்க."

"அப்ப ரெண்டையும் பிரேம் போட்டு மாட்டிக்கலாம்."

"வைரவேல் சொல்லுங்க சார், அவரு காத்திருக்காரு."

"அவன் காத்திருக்கட்டும்" என்றது பக்கம், கனகசபாபதி எதிரே நின்றுகொண்டிருக்க, வாசிப்பறை சிரித்த சிரிப்பில் அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. முப்பத்தாறு வருஷமாகப் பாதியாகக் கிடந்த பேச்சு, அன்று சாயங்காலம் வரை பக்கம் பக்கமாக முழுசாயிற்று. தேங்காயெண்ணெய் அரை லிட்டர் இல்லை, கால் லிட்டர்தான் என்பதும், அவர் கடைசிவரை அரை லிட்டரே வாங்கி வந்தார் என்பதும் தெரிந்தது. நூலகத்தை மூடும்போது ரோஸ்லின் தெய்வானையின் கன்னத்தைத் தொட்டு, "அப்படியே அவரு மூக்கு" என்றார். கூட வந்திருந்த மகனிடம் திரும்பி, "லீவு எழுதிக் குடுத்துட்டு வந்து கட்டுடா" என்றார்.

அழைப்பிதழில், தாய்மாமன் ஜோசப் வேலுச்சாமி, போத்தனூர் என்று அச்சாயிற்று. சடங்கு செய்து வைக்கும் அருமைக்காரரிடம் போய், மாதா கோயிலுக்குப் போகிறவர் பட்டம் கட்டலாமா என்று ஒருவர் கேட்டார். "நான் 1962ஐக் கேட்டவன். தாயோட தம்பியாங்கறதுதான் எனக்கு வேணும், ஞாயித்துக்கெழமை அவரு எங்க போறாருங்கறது எனக்கெதுக்கு?" என்றார் அருமைக்காரர். கல்யாணத்துக்கு முந்தின நாள் மேல்திசையில், கனகசபாபதி தன் செலவில் கொடுத்த நாலு வரி வெளியானது: 'திருத்தம். 13.7.1962 இதழில் வைரவேல் மில் பங்கின் விலை 118 என்பது 114, மாற்றமில்லை எனப் பிழையாக வெளியாகிவிட்டது. வருந்துகிறோம்.' கேடயத்தை நகராட்சிப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டார்; அவர்கள் அதைக் கணக்குப் பரிசாக வைத்திருக்கிறார்கள்.

தை இருபத்தி நாலாம் தேதி நாகவேணி மண்டபத்தில் எண்ணூறு இலை போட வேண்டியிருந்தது. மணப்பெண்ணை மணையில் உட்கார வைத்ததும் அருமைக்காரர் தாய்மாமனைக் கூப்பிட்டார். ஜோசப் புது வேட்டி இடுப்பில் நிற்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு வந்தார். ஊர் இன்னும் அவர் பேசிக் கேட்டதில்லை; நூலகத்துக்கு வந்த அன்று அவர் அம்மாதான் பேசினார். தட்டிலிருந்து பட்டத்தை எடுத்தார். கலாமணியின் நெற்றியில் வைத்து, இரண்டு நூலையும் தலைக்குப் பின்னால் கொண்டுபோனவர், முடிச்சை எப்படிப் போடுவது என்று தெரியாமல் நின்றார்.

"ஏனுங்க, இறுக்கமாக் கட்டட்டுங்களா, லேசாக் கட்டட்டுங்களா?" என்று கேட்டார்.

மேளக்காரர் அடிப்பதை நிறுத்தினார். சமையல்கட்டில் கரண்டிச் சத்தம் நின்றது. அன்னலட்சுமியில் வேலை பார்த்தவர்கள், கமலவேணியில் பார்த்தவர்கள், அங்காத்தாள், மாப்பிள்ளையின் அப்பா, எண்ணூறு பேரும் இரண்டு மாதமாகத் தினமும் கேட்ட குரல், தங்கள் முன்னால், வேட்டியைப் பிடித்துக்கொண்டு, ஒரு பதிலுக்காகக் காத்திருந்தது.

கலாமணிதான், தலையைத் திருப்பாமல் சொன்னாள்:

"இறுக்கமாவே கட்டுங்க மாமா."